பொட்டு அழிக்காத ரோல்

பொய் சொன்னேன். என் தோழி மைதிலியிடம், அவள் கண்ணைப் பார்த்து, நாக்குக் குழறாமல் பொய் சொன்னேன். அவள் கணவர் சிரித்த முப்பத்தாறு படங்களைப் பாழாக்கியவள் நான். பாழாக்கிவிட்டு, "நீதான் ரோலைச் சரியாக மாட்டவில்லை" என்று பழியை அவள் தலையிலேயே கட்டினேன். அவள் நம்பினாள். இன்றும் நம்புகிறாள்!

சொல்லிவிட்டேன். இனி நீங்கள் என்னை எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்... ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டு நினையுங்கள்.

ஒருவேளை என் குரலை நீங்கள் கேட்டிருக்கலாம். முதுகுவலி, மூட்டுவலி, நெஞ்சுச் சளி என்று தில்லை நகரில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு வந்திருந்தால், "மூச்சை இழுத்துப் பிடிங்க... அசையாதீங்க... ம், விடுங்க" என்று தடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் அதட்டியிருப்பாள். அது நான்தான். பெயர் உமா. கே.கே. நகரிலிருந்து ஸ்கூட்டியில் வந்து போகிறவள். இருபத்திரண்டு வருடமாக எக்ஸ்ரே எடுக்கிறேன். இடது, வலது மாறியதில்லை. ஒரு பேஷண்டின் பெயர் இன்னொருவர் படத்தில் ஏறியதில்லை. அவ்வளவு கறார் எனக்கு!

வாசலில் உங்கள் பெயரையும் வயதையும் கேட்டு எழுதிக்கொண்டு, "சித்த உக்காருங்கோ, இப்போ கூப்பிடுவா" என்று சொன்னவள் மைதிலி. ஸ்ரீரங்கத்துக்காரி. உத்தர வீதியில் மாடி வீடு. பன்னிரண்டு வருடமாக நாங்கள் இருவரும் ஒருவர் டப்பாவிலிருந்து மற்றவர் எடுத்துச் சாப்பிடுகிறவர்கள். அவள் புளியோதரைக்கு நான் அடிமை. என் கருவாட்டுக் குழம்பு வாசனைக்கு அவள் மூக்கைப் பொத்திக்கொள்வாள். ஆனாலும் நாற்காலியை நகர்த்திக்கொண்டு எழுந்து போனதில்லை.

இனி கேமரா... அதைச் சொன்னால்தான் என் பைத்தியம் உங்களுக்குப் புரியும்.

காட்டூரில் என் அண்ணன் வீடு மாறியபோது பரண்மேல் கிடைத்தது. கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி, அவ்வளவுதான். பார்த்து அமுக்கு, முடிந்தது! தூரம் வைக்க வேண்டாம், வெளிச்சம் அளக்க வேண்டாம். கட்டைவிரலால் ஒரு சக்கரத்தைத் தள்ளினால் ஃபிலிம் ஒரு படம் நகரும். முடிந்ததும் இடப்பக்கம் ஒரு சின்னக் கைப்பிடியை விரித்துச் சுற்றினால் ஃபிலிம் ரோலுக்குள் திரும்பிப் போகும். விளையாட்டுச் சாமான் என்றுதான் அண்ணி தூக்கிப் போடப் பார்த்தாள்.

ஐயோ, அந்த முதல் 'கடக்'!

பகல் முழுவதும் கணினித் திரையில் எலும்பைப் பார்க்கிறவள் நான். அமுக்கிய மறுநொடி படம் வந்துவிடும், சரியில்லையா, இன்னொன்று. இந்தப் பெட்டியிலோ ஒன்றும் தெரியாது! அமுக்கினாய், போயிற்று. முப்பத்தாறுதான். ஊரில் கழுவித் தர ஆளில்லை. கூரியரில் அனுப்பிப் பத்து நாள் காத்திருக்க வேண்டும். அந்தப் பத்து நாளும் எனக்குச் சோறு இறங்காது. மின்னஞ்சலில் படங்கள் வந்த அன்று பேஷண்டிடம் "மூச்சைப் பிடிங்க" என்று சொல்லிவிட்டு "விடுங்க" சொல்ல மறந்தவள் நான். அந்தப் பெரியவர் முகம் சிவந்து, கடைசியில் தானாகவே விட்டார், பாவம்!

காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டைகள், சத்திரம் பேருந்து நிலையத்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற கைகள், மலைக்கோட்டைப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்த குண்டு மாமிகள்... எதைப் பார்த்தாலும் அமுக்கத் தோன்றியது. நாற்பத்து நான்கு வயதில் ஒருத்திக்கு இவ்வளவு ஆட்டமா என்று வீட்டில் கேட்டார்கள். ஆமாம், ஆட்டம்தான் போட்டேன்!

இதில் ஒரு வழக்கத்தையும் கொண்டுவந்தேன். எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் மஞ்சள் குழைத்துத் தடவிக் குங்குமப் பொட்டு வைப்போம். ஃபிரிட்ஜுக்கு வைத்தோம், ஸ்கூட்டிக்கு வைத்தோம், இன்வெர்ட்டருக்குக்கூட வைத்தோம். புது ரோல் வந்ததும் விளையாட்டாக அதன் டப்பா மூடியிலும் ஒரு பொட்டு வைத்தேன். பிறகு அதுவே அடையாளமாகிவிட்டது. படம் எடுத்து முடித்த ரோலைத் திரும்ப டப்பாவில் போட்டதும் ஈர விரலால் பொட்டை அழித்துவிடுவேன். பொட்டு இருந்தால் புதிது. இல்லையென்றால் முடிந்தது. எவ்வளவு சுலபம், பாருங்கள்! என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பங்குனியில் மைதிலி கேமராவைக் கேட்டாள்.

"ஒரே ஒரு ஞாயித்துக்கெழமைக்குக் குடேன் உமா. எங்காத்துக்காரரை எடுக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் கணவர் சாரதியைப் படம் எடுப்பதா! அந்த மனிதருக்கு முன்பல் ஒன்று ஏறியிருக்கும். தெத்துப்பல். அதற்காக ஐம்பது வருடம் வாயைப் பொத்திக்கொண்டே வாழ்ந்தவர். நன்றாகச் சிரிப்பார், வெடித்துச் சிரிப்பார். ஆனால் கை போய் வாயை மூடிக்கொள்ளும். போனை எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கல்யாண ஆல்பத்திலேயே பரீட்சை எழுதப் போகிறவர் மாதிரி உதட்டை இறுக்கிக்கொண்டுதான் நிற்கிறார். கோயம்புத்தூரில் படிக்கிற அவர்கள் பெண், "அப்பா சிரிச்ச போட்டோ ஒண்ணாவது குடும்மா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம்.

"அவர் ஒத்துண்டுட்டார்!" என்றாள் மைதிலி. "இதுல எடுத்தா உடனே தெரியாதுன்னு சொன்னேன். அப்போ சரின்னுட்டார். எடுத்த உடனே ஆளாளுக்குப் பாத்து, இன்னொண்ணு எடு, வாயை மூடிக்கோன்னு சொல்றதுதான் அவருக்குப் பிடிக்கலையாம்."

நான் பறந்தேன்! அவளை எக்ஸ்ரே அறைக்குள் இழுத்துப் போய்ச் சொல்லிக்கொடுத்தேன். ரோலிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஃபிலிம் நுனி இருக்கிறதே, அதை நாங்கள் நாக்கு என்போம். அந்த நாக்கை வலப்பக்கத்து உருளையின் பிளவில் சொருக வேண்டும். ஃபிலிம் ஓரத்து ஓட்டைகள் உள்ளே இருக்கும் சக்கரப் பல்லில் உட்கார வேண்டும். சக்கரத்தைத் தள்ளும்போது இடப்பக்கக் கைப்பிடியும் கூடவே சுற்றினால் ஃபிலிம் மாட்டிவிட்டது என்று அர்த்தம். இரண்டே தடவையில் பிடித்துக்கொண்டாள். புத்திசாலி.

கேமராப் பையில் பொட்டு வைத்த இரண்டு டப்பாக்கள் வைத்துக் கொடுத்தேன். ஒன்று அவளுக்கு, ஒன்று எதற்கும் இருக்கட்டும் என்று.

"முடிஞ்சதும் சுத்தி எடுத்து டப்பாவுல போட்டுடு. மறக்காம மூடியில இருக்குற பொட்டை அழிச்சிடு, என்ன?"

"சரி சரி" என்றாள்.

திங்கட்கிழமை காலை அவள் வந்த வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! கொள்ளிடக் கரையில் முப்பத்தாறும் எடுத்துவிட்டாளாம். "முதல் ரெண்டு மூணுக்குக் கையைக் கொண்டுபோனார் உமா. அப்பறம் மறந்தே போயிட்டார்! நான் தடுக்கி விழப் பாத்தேன், அதுக்கு ஒரு சிரிப்பு சிரிச்சார் பாரு... அதுவும் விழுந்திருக்கும்!" வரிசையில் பேஷண்டுகள் நின்றார்கள். அவர்களையும் மறந்து அவள் கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். பையை என்னிடம் தந்தாள். நான் திறந்துகூடப் பார்க்காமல் பீரோவில் வைத்தேன். சித்திரைத் தேர் வருகிறதே, அதையும் எடுத்துச் சேர்த்து அனுப்பலாம் என்று நினைத்தேன்.

இங்கேதான், இங்கேதான் நீங்கள் என்னைக் கவனிக்க வேண்டும்.

தேரன்று காலை, வீட்டில் இருந்த வேறொரு புது ரோலைக் கேமராவில் மாட்டிக்கொண்டு, ஸ்ரீரங்கத்தில் கீழச் சித்திரை வீதியில் நின்றேன். கிராமத்து ஜனம் அத்தனையும் அங்கே! தலைப்பாகை, குடை, மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலைகள்... வெயில் இன்னும் ஏறவில்லை. கேமராவில் இருந்த ரோலைத் தேர் நகர்வதற்கு முன்பே தீர்த்துவிட்டேன். எல்லாம் சும்மா கூட்டத்தைப் பார்த்து அமுக்கியது. அவசரக்குடுக்கை!

"ரங்கா... ரங்கா..." என்று முழக்கம் எழும்பியது. வடத்தில் ஆயிரம் கைகள் விழுந்தன. நான் பையைத் திறந்தேன்.

இரண்டு டப்பா. இரண்டு மூடியிலும் பொட்டு.

ஒன்று மைதிலியுடையது. எது? திறந்தேன். இரண்டிலும் நாக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. முழுவதும் சுற்றியிருந்தால் நாக்கு உள்ளே போயிருக்கும். சுற்றி முடியும் தறுவாயில் இறுக்கம் விட்டதும் ஃபிலிம் அறுந்துவிட்டதோ என்று பயந்து அவள் நிறுத்தியிருக்கிறாள்... அதை அப்போதே ஊகித்தேன். ஊகித்தேன் ஐயா! தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

போன் கையில் இருந்தது. மைதிலி இரண்டு வீதி தள்ளி வீட்டில்தான் இருந்தாள். ஒரு அழைப்பு போதும். இல்லையென்றால் போனிலேயே நாலு படம் எடுத்துவிட்டுப் போயிருக்கலாம். அதுவும் இல்லையென்றால் சும்மா நின்று கும்பிட்டுவிட்டு வந்திருக்கலாம். தேர் என்ன அடுத்த வருடம் வராதா?

தேர் அசைந்தது. சீலைகள் குலுங்கின. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இதுவாகத்தான் இருக்கும் என்று ஒன்றை எடுத்து மாட்டினேன். பாதிக்குப் பாதி! என் தோழியின் கணவர் முகத்தை வைத்து நான் பூவா தலையா போட்டேன்.

முப்பத்தாறும் எடுத்தேன். குறுக்காக, நெடுக்காக, தலைக்குமேல் தூக்கிப் பிடித்து... அவ்வளவு சந்தோஷமாக என் வாழ்நாளில் நான் இருந்ததில்லை. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மூன்று ரோலையும் அனுப்பினேன். பதினோராம் நாள் மின்னஞ்சல் வந்தது. முதல் ரோல், கூட்டம். இரண்டாவது ரோல்... திறந்த அரை நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது.

தெரியாதா எனக்கு! வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே எக்ஸ்ரே ஃபிலிம் கேசட்டில் இரண்டு பேருடைய நெஞ்சை எடுத்துவிட்டு டாக்டரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டவள் நான். ஒன்றின்மேல் ஒன்று. இங்கேயும் அதேதான். தேரின்மேல் சாரதி. சாரதியின்மேல் வடம். கொள்ளிடத்து மணலில் ஆயிரம் தலைகள்.

மூன்றாவது ரோலுக்கு லேப்காரர்கள் ஒரே வரி எழுதியிருந்தார்கள்: ஒன்றும் பதிவாகவில்லை, ஃபிலிம் வெறுமையாக இருக்கிறது. அது நான் தொடாத புது ரோல்.

அப்போது என் மனதில் முதலில் வந்தது என்ன தெரியுமா? ஐயோ மைதிலி என்று வந்திருக்க வேண்டும், இல்லையா? வரவில்லை. "ஆஹா!" என்றேன். வாய்விட்டுச் சொன்னேன்! அவ்வளவு அழகாக இருந்தன அந்தப் படங்கள். ஒன்றில், நான் கேமராவை நெடுக்காகப் பிடித்திருந்ததால், அவர் முகம் படுத்த வாக்கில் தேர்ச்சீலைகளுக்குள் கலந்துவிட்டது. முகம் என்று சொன்னால் ஒழியத் தெரியாது. ஆனால் அந்தத் தேர் சிரித்தது. மரமும் துணியும் கயிறும் சேர்ந்து சிரித்தது! நான் நாற்காலியிலிருந்து எழுந்து அறைக்குள்ளேயே இரண்டு சுற்று சுற்றினேன்.

வருத்தம் பிறகுதான் வந்தது. பத்து நிமிடம் கழித்து... இல்லை, பொய். சாயங்காலம்தான் வந்தது.

மறுநாள் மைதிலி ஓடிவந்தாள். "வந்துடுத்தா?"

சொல்லியிருக்கலாம். "பாவி, அவசரத்துல கெடுத்துட்டேன்டி" என்று காலில் விழுந்திருந்தால் இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பாள். மூன்றாம் நாள் புளியோதரை கொண்டுவந்திருப்பாள். ஆனால் இருபத்திரண்டு வருடமாக ஒரு பெயர்கூட மாற்றாத உமா இரண்டு டப்பாவை மாற்றிவிட்டாள் என்று சொல்ல என் திமிர் விடவில்லை. கையில் லேப்காரர்களின் அந்த ஒற்றை வரி வேறு தயாராக இருந்தது. காட்டினேன்.

"வெறுமையா இருக்காம் மைதிலி. ஃபிலிம் மாட்டவே இல்லை போல."

அவள் முகம் விழுந்த விதம்... "அந்தக் கைப்பிடி சுத்தினதை நான் பாத்தேனே உமா!"

"சில சமயம் சும்மாவும் சுத்தும்."

"திருப்பிச் சுத்தறச்சே இறுக்கமா இருந்ததே. அப்பறம் டக்குனு விட்டுடுத்து."

"அது உனக்குப் பழக்கமில்லாததுனால அப்படித் தோணியிருக்கும்."

ஒவ்வொன்றாகச் சொன்னாள், ஒவ்வொன்றாக அடித்துப் போட்டேன். அவள் கண்ணால் கண்டதை, கையால் உணர்ந்ததை, எல்லாவற்றையும் பொய்யாக்கினேன். கடைசியில், "எனக்கு ஒண்ணும் சரியாப் பண்ணத் தெரியாது" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் உட்கார்ந்தாள். சாரதி அன்று மாலை அவளை அழைத்துப் போக வந்தபோது விஷயம் கேட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "போனாப் போறது. இன்னொரு தடவை சிரிச்சாப் போச்சு. என்ன உமா மேடம், ரோல் இருக்கோன்னோ?"

"இருக்கு சார், எப்ப வேணும்னாலும்!" என்றேன். என் குரல் எவ்வளவு உற்சாகமாக ஒலித்தது, தெரியுமா?

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நின்று சொல்ல முடியவில்லை.

ஆடியில் இங்கே சில நண்பர்கள் சேர்ந்து சின்னப் புகைப்படக் கண்காட்சி ஒன்று வைத்தார்கள். அந்தப் படத்தைக் கொடுத்தேன். 'தேருக்குள் ஒரு சிரிப்பு' என்று பெயரும் வைத்தேன்! வந்தவர்கள் அதன் முன்னால் நின்றுவிட்டுத்தான் நகர்ந்தார்கள். எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டார்கள். ஒரே ஃபிலிமில் வேண்டுமென்றே இருமுறை பதித்தேன், ஆறு மாதம் யோசித்தேன் என்றேன். யார் அந்த முகம் என்று ஒருவர் உற்றுப் பார்த்துக் கேட்டார். கரையில் பார்த்த யாரோ ஒருவர் என்றேன். யாரோ ஒருவர்! எங்கள் டாக்டர் அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஸ்கேன் சென்டரின் வரவேற்பறையில் மாட்டினார். மைதிலியின் நாற்காலிக்கு நேர் எதிரே.

புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை, வேலைக்குக் கிளம்பிப் பேருந்துக்காக நின்றிருந்த சாரதி நின்ற இடத்திலேயே சரிந்தார். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை.

இன்னொரு தடவை சிரிக்கிறேன் என்று அவர் கேட்ட புது ரோல் பீரோவில்தான் இருந்தது. அந்த ஞாயிறு, இந்த ஞாயிறு என்று தள்ளிப்போட்டிருந்தோம். தள்ளிப்போட்டது யார்? நான்தான். அவர் சிரிப்பதை நேரில் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

மாலை போட ஒரு படம் வேண்டுமே! வீடெல்லாம் தேடினார்கள். போனில் இருந்த அத்தனையிலும் கை, கை, கை... வாய்க்கு முன்னால் கை. கடைசியில் டிரைவிங் லைசென்ஸில் இருந்ததை இழுத்துப் பெரிதாக்கினார்கள். புள்ளி புள்ளியாக, உதட்டை இறுக்கிக்கொண்டு, யாரையோ முறைப்பது போல ஒரு முகம். பதின்மூன்றாம் நாள் போனேன். அந்தப் படத்தைப் பார்த்து அவர் பெண், "இது அப்பா மாதிரியே இல்லைம்மா" என்று அழுதாள்.

என் கைப்பையில் போன் இருந்தது. போனில் அந்த முப்பத்தாறும் இருந்தன.

எல்லாம் கலங்கிப் போகவில்லை என்பதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். ஒரு படத்தில் தேரின் அடியிருட்டு விழுந்த இடத்தில் அவர் முகம் அப்படியே, தெளிவாக, தெத்துப்பல்லோடு விழுந்திருக்கிறது. இரண்டு கையும் கீழே. வெடித்த சிரிப்பு. நெற்றிக்குக் குறுக்கே மட்டும் தேர் வடமும் நாலு பேர் விரல்களும். அவ்வளவுதான் கெடுதல். அதைக் கொடுத்தால் போதும். கொடுத்தால், "நெத்தியில என்ன உமா கயிறு?" என்று கேட்பாள். அதற்குப் பிறகு வேலைக்கு வந்ததும் எதிர்ச்சுவரில் தொங்கும் தேர்ப் படத்தைப் பார்ப்பாள்.

ஆகவே கொடுக்கவில்லை. ஒரு பெண் அப்பாவின் முகத்துக்காக அழுகிறாள்; நான் என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டு காபி குடித்துவிட்டு வந்தேன்.

மைதிலி இரண்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். நெற்றியில் சின்னதாக ஒரு கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு. முன்பிருந்த குங்குமம் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் அவளாகவே சொன்னாள்:

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீ அந்த டப்பாவுல பொட்டை அழிக்கச் சொன்னியோன்னோ... நான் அழிக்கல."

நான் கையில் இருந்த கவளத்தை டப்பாவிலேயே திரும்ப வைத்தேன்.

"ஈர விரலைக் கொண்டும் போயிட்டேன். உள்ளே அவர் இருக்கார். அவர் இருக்கற டப்பாவுல குங்குமத்தை நானே அழிக்கறதான்னு நெனச்சேன். மனசு வரல. அப்படியே வெச்சுட்டேன். ரோலே வெறுமைன்னு நீ சொன்னப்பறம் நெனச்சுப்பேன், ஒண்ணுமே இல்லாத டப்பாவுக்கா அவ்வளவு பாத்தோம்னு."

பொட்டு அழியாததற்குக் காரணம் சோம்பல், மறதி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவள் மறக்கவில்லை ஐயா! நினைத்துத்தான் அழிக்கவில்லை. அந்தப் பொட்டைத்தான் நான் புதிது என்று படித்தேன். அன்று சொல்லியிருக்க வேண்டும். அதைவிட ஒரு சமயம் கிடைக்குமா? "சாப்பிடு மைதிலி" என்றேன்.

ஒரு மாதத்துக்கு முன் அவள் கேமராவைக் கேட்டு வாங்கிப்போனாள். கூடவே, வீணாய்ப்போன பழைய ரோல் ஒன்று இருந்தால் கொடு என்றாள். எதற்கென்று கேட்கவில்லை, கொடுத்தேன்.

போன வாரம் மத்தியானம், பேஷண்ட் யாரும் இல்லாத நேரம், எக்ஸ்ரே அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். மேஜைமேல் கேமராவை வைத்தாள்.

"தினம் மாட்டிப் பாக்கறேன் உமா. காலம்பற ஒரு தடவை, விளக்கேத்தினப்பறம் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் சரியாத்தான் மாட்டறது. அன்னிக்கு மட்டும் எங்க தப்புப் பண்ணேன்னு தெரியவே மாட்டேங்கறது. நீ பக்கத்துல நின்னு பாரேன். அது மட்டும் தெரிஞ்சாப் போறும் எனக்கு."

அவள் மாட்டினாள். நாக்கை இழுத்தாள், பிளவில் சொருகினாள், ஓட்டைகளைப் பல்லில் உட்காரவைத்தாள், சக்கரத்தைத் தள்ளினாள். கைப்பிடி சுற்றியது. ஒரு குறை இல்லை. என்னைவிடச் சுத்தமாகச் செய்தாள்! பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

சொல், சொல், சொல் என்று எனக்குள் அடித்துக்கொண்டது. வாய் திறந்தேன். சொல்லிவிடப் போகிறேன் என்று நானே நம்பினேன்!

"நுனியை மடிக்கலையே நீ" என்றேன்.

"மடிக்கணுமா? நீ சொல்லவே இல்லையே!"

"சொன்னேன். நீ கவனிக்கல. நுனியை இத்தனூண்டு மடிச்சுத்தான் சொருகணும். இல்லேன்னா மாட்டுன மாதிரி இருக்கும், உள்ள போய் வழுக்கிடும்."

அப்படி ஒரு விதியே கிடையாது. உலகத்தில் எந்தக் கேமராவிலும் கிடையாது. அந்த நொடியில் நானே உண்டாக்கினேன்... அவ்வளவு சரளமாக!

அவள் கேமராவைத் திறந்து, நுனியை நகத்தால் மடித்து, திரும்பச் சொருகினாள். மூச்சுவிட்டாள். "அப்பாடா... இதுதானா! ஏழெட்டு மாசமா மண்டையை உடைச்சுண்டேன்." என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றாள். வெளியே யாரோ வந்து மணியை அடிக்க, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை நான் ஸ்கூட்டியை நிறுத்துவதற்குள் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"ஆத்துல நாலு தடவை மடிச்சு மாட்டிப் பாத்தேன் உமா. நீ சொன்னது சரிதான். நான்தான் தப்புப் பண்ணியிருக்கேன். பொண்ணுகிட்டயும் போன் பண்ணிச் சொல்லிட்டேன்."

நான் தலையாட்டினேன்.